நூற்றைம்பது லிட்டர்

இரண்டாம் நாள் காலை மெஹ்ஜபீன் கணக்குப் பார்த்தபோது எட்டு லிட்டர் தண்ணீரைக் காணவில்லை.

வேனுக்குள் சமையல் மேடைக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு மீட்டர் பொருத்தியிருந்தது. டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அது எண்ணில் காட்டும். முந்தின நாள் காலை 150 காட்டியது. இப்போது 120. அப்படியென்றால் முப்பது லிட்டர் செலவாகியிருக்க வேண்டும். அவளுடைய நோட்டில் இருந்ததோ இருபத்திரண்டு. சமையலுக்கு மூன்று, குடிக்க ஐந்து, பாத்திரத்துக்கு இரண்டு, உடம்பு துடைக்க ஐந்து, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய மூன்று, கழிப்பறைக்கு நான்கு. எல்லாம் ஒரு லிட்டர் ஸ்டீல் ஜக்கில் அளந்து எடுத்தது. திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவள் அவள். அளவில் அவளுக்குத் தப்பு வராது.

"ஏங்க, வெளிக் கொழாயில கால் கீல் கழுவுனீங்களா?" என்று கேட்டாள்.

அவள் கணவர் ஜானி பாஷா வேனின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இல்லையே. ஏன்?"

"எட்டு லிட்டர் ஜாஸ்தியா போயிருக்கு."

"வெயிலு. ஆவியா போயிருக்கும்."

"மூடி போட்ட டேங்க்லயா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தூரத்தில் வேப்பமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெளிக் கொழாய்க்குப் பூட்டு இல்ல. நேத்து அந்தம்மா அங்கதான் சுத்திக்கினு இருந்துச்சு" என்றார்.

ஜானி பாஷாவுக்கு அவலூர்பேட்டை ரோட்டில் பட்டறை. வேனுக்கும் மினி பஸ்ஸுக்கும் பாடி கட்டுவதுதான் தொழில். ஆனால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர் டேங்க் என்று ஒரு வீட்டையே வேனுக்குள் வைத்துக் கட்டியது இதுதான் முதல் தடவை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ராமகிருஷ்ணனும் அவர் மனைவி தனமும் கேட்டுக் கட்டியது. இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மழைக்காலம் முடிந்ததும் ராஜஸ்தானுக்கும், அங்கிருந்து கட்ச் உப்பு வெளிக்கும் போவதாகத் திட்டம். கரண்டும் குழாயும் இல்லாத இடத்தில் ஐந்து நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ராமகிருஷ்ணனின் நிபந்தனை. அதற்குத்தான் நூற்றைம்பது லிட்டர் டேங்க்.

வண்டியை ஒப்படைக்கும் சமயத்தில் தனம் ஒன்று சொன்னார். "பாய், உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போய் அஞ்சு நாள் இதுல தங்குங்க. ஒரு பொம்பள சமைச்சு, குளிச்சுப் பாத்தாத்தான் எது சரி, எது சரியில்லன்னு தெரியும்."

ஜானி பாஷா தலையாட்டினார். ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தனமே மெஹ்ஜபீனுக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுக்கு ஆசையாக இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் லீவு போட்டாள். புது நோட்டு ஒன்று வாங்கினாள்.

இடம் தந்தவர் அப்பாசாமி. கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே அவருடைய நிலம். "மல்லாட்ட புடுங்கியாச்சு பாய், காலியாத்தான் கிடக்குது, எங்க வேணாலும் நிறுத்திக்க" என்றிருந்தார். சுற்றிலும் நிலக்கடலை பிடுங்கிய, காய்ந்த செம்மண். மேற்கே மலை, வெயில் புகையில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

ஆடு மேய்க்கிற பெண்ணின் பெயர் கன்னியம்மாள். பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவள். ஐம்பது வயது இருக்கும். வேன் வந்து நின்ற அன்றைக்கே பின்பக்கமாக வந்து, கையிலிருந்த கோலால் அடியில் இருந்த டேங்கைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டு மெஹ்ஜபீன் எட்டிப் பார்த்தாள்.

"பாயம்மா, இதுல எத்தினி கொடம் புடிக்கும்?"

"பத்துக் கொடம் இருக்கும்."

"எங்க புடிச்சீங்க?"

"டவுன்ல, எங்க வீட்டுல."

"ம்" என்றாள் கன்னியம்மாள். அந்த 'ம்'மில் நம்பிக்கை இல்லை. வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து, வெளியே கால் கழுவ வைத்திருந்த குழாயைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது அந்தக் கேள்வி மெஹ்ஜபீனுக்கு வேறு மாதிரி கேட்டது. எத்தனை குடம் பிடிக்கும் என்று தெரிந்து இவளுக்கு என்ன ஆக வேண்டும்? குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும் என்று அப்பாசாமி சொல்லியிருந்தார். பன்னிரண்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு குடத்துக்கு இங்கே என்ன மதிப்பு என்று யோசித்தபோது மெஹ்ஜபீனுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளே.

அன்று சாயங்காலம் வெளிக் குழாயின் திருகில் வெள்ளைத் தையல் நூலை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். அதை ஜானி பாஷா பார்த்தார்.

"என்னா இது, போலீஸ் வேல?"

"யாரு தொறக்குறாங்கன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு என்னா பண்ணப் போற? போனா போகுது, விடு. நாலு நாள் இருந்துட்டுப் போறவங்க நாம."

எப்போதும் ஒரு ஆணி குறைந்தாலும் பட்டறையைத் தலைகீழாக்கித் தேடுகிற மனிதர். இவர் எப்படித் தண்ணீரைப் 'போனா போகுது' என்கிறார் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் கண் அப்போது வேப்பமரத்தின் பக்கமே இருந்தது.

மூன்றாம் நாள் காலை மீட்டர் 90 காட்டியது. நோட்டில் அதே இருபத்திரண்டு. மறுபடியும் எட்டு லிட்டர் குறை. வெளியே ஓடிப் போய்ப் பார்த்தாள். நூல் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மண்ணில் ஆட்டுக் குளம்புத் தடம், அதற்கு நடுவே செருப்பில்லாத கால் தடம்.

கன்னியம்மாள் அப்போதுதான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்பாசாமியும் கடலைக் கொடியைக் கட்டுக் கட்ட வந்த இரண்டு ஆட்களும் வரப்பில் நின்றிருந்தார்கள். மெஹ்ஜபீன் நேராகப் போனாள்.

"ஏம்மா, எங்க கொழாயத் தொறந்தியா?"

கன்னியம்மாள் மறைக்கவில்லை. "தொறந்தேன்" என்றாள்.

"யாரக் கேட்டுத் தொறந்த?"

"யாரக் கேக்கணும்? ஒரு கை புடிச்சேன். வாயில வச்சிப் பாத்தேன். மூடிட்டேன்."

"ஒரு கையா? ரெண்டு நாள்ல பதினாறு லிட்டர் போயிருக்கு. அளந்து எழுதி வச்சிருக்கேன். வேணும்னா வந்து கேளு, தர்றேன். திருடாத."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் வரப்பில் பேச்சு நின்றது. கன்னியம்மாளின் முகம் மாறியது.

"யாரு திருடி? ஏரிக் கெணத்துத் தண்ணியா டவுன் தண்ணியான்னு ருசி பாத்தேன். போன வருசம் இப்பிடித்தான் ஒருத்தன் வந்தான். நெலம் பாக்க வந்தேன்னு லாரிய நிறுத்திக்கினு, மூணு வாரம் எங்க கெணத்த உறிஞ்சி எங்கேயோ கொண்டும்போய் வித்தான். சேறு தெரிஞ்ச பொறவுதான் எங்களுக்குத் தெரிஞ்சிது. உங்க வண்டி அடியில இவ்ளோ பெரிய டேங்க் கீது. நாங்க பாக்க வேணாமா? பாத்துக்கன்னு ஊர்ல என்னத்தான் சொன்னாங்க."

மெஹ்ஜபீன் தயங்கினாள். சொன்ன விதத்தில் பொய் தெரியவில்லை. திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். அவர் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

ஜானி பாஷா தரையைப் பார்த்தபடி, "கொழாயத் தொறந்தது அதுதானே. அதே சொல்லுதே" என்றார்.

அது போதுமாக இருந்தது. அப்பாசாமி சங்கடத்துடன், "கன்னிம்மா, நீ அந்தாண்ட ஓட்டிக்கினு போ" என்றார். கன்னியம்மாள் யாரையும் பார்க்காமல் ஆடுகளைத் திருப்பினாள். ஒரு குட்டி பின்தங்கி வேனின் சக்கரத்தை முகர்ந்தது. அதைக்கூட அவள் கூப்பிடவில்லை. அது தானாக ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டது.

ஜானி பாஷா அன்றைக்கே வெளிக் குழாயின் திருகைக் கழற்றி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டேங்க் நிரப்பும் மூடிக்கும் ஒரு சின்னப் பூட்டு மாட்டினார். அன்று மெஹ்ஜபீன் துணி துவைத்தாள். தண்ணீர் அதிகம் செலவானது. முப்பத்து மூன்று ஜக்.

நான்காம் நாள் காலை மீட்டர் 45.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பத்தைந்து லிட்டர் இறங்கியிருந்தது. முப்பத்து மூன்று போக, பன்னிரண்டு லிட்டரைக் காணவில்லை. குழாயில் திருகு இல்லை. மூடியில் பூட்டு அப்படியே இருந்தது. கன்னியம்மாள் முந்தின நாள் முழுக்க இந்தப் பக்கமே வரவில்லை. தரையில் அவர்கள் இருவருடைய செருப்புத் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. அவள் மண்டி போட்டு வேனுக்கு அடியில் பார்த்தாள். ஒழுகலா? மண் பொடியாகக் காய்ந்து கிடந்தது. டேங்கின் அடியை விரலால் தடவினாள். தூசிதான் ஒட்டியது.

"பூட்டை ஆட்டிக் கீட்டித் தொறந்திருப்பாங்க" என்றார் ஜானி பாஷா, அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

"யாரு?"

"யாருன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு டவுனில் அவள் தங்கை ஜீனத்தின் மகளுக்கு நிச்சயம். காலையில் கிளம்பிப் போனார்கள். வேன் பகல் முழுக்க வெட்டவெளியில் ஆளில்லாமல் நின்றது. விருந்தில் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மெஹ்ஜபீன் மீட்டரைப் பற்றித்தான் யோசித்தாள். திருடுகிறவளுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. திரும்பிப் போகும்போது டேங்க் காலியாக இருக்கும் என்றே நினைத்தாள். தங்கை இரண்டு தடவை தோளைத் தொட்டு, "எங்கக்கா இருக்க?" என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் காலை மீட்டர் 30 காட்டியது. பதினைந்து லிட்டர் இறங்கியிருந்தது. நோட்டில் பதினொன்று. காணாமல் போனது நான்கு லிட்டர்தான்.

அவர்கள் இல்லாத நாளில், யாரும் காவல் இல்லாத நாளில், இருப்பதிலேயே குறைவாகத் திருட்டுப் போயிருக்கிறது. மெஹ்ஜபீன் நோட்டோடு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு எடுத்த நாள் எட்டு. முப்பத்து மூன்று எடுத்த நாள் பன்னிரண்டு. பதினொன்று எடுத்த நாள் நான்கு. அவர்கள் பதினொரு லிட்டர் எடுத்தால் திருடன் நான்கு லிட்டர் எடுக்கிறான். கூட எடுத்தால் அவனும் கூட எடுக்கிறான், குறைத்தால் அவனும் குறைக்கிறான். இப்படி விகிதம் பார்த்துத் திருடுகிறவன் உலகத்தில் உண்டா?

பரிசோதனைக் கூடத்தில் அவள் தினமும் காலையில் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு திரவத்தை மிஷினில் வைத்து, மிஷின் அதே எண்ணைச் சொல்கிறதா என்று பார்ப்பாள். சொல்லாவிட்டால் கோளாறு ரத்தத்தில் இல்லை, மிஷினில். இங்கே வந்த முதல் நாள் அதை அவள் செய்யவில்லை. டேங்கை நிரப்பியது அவர். நூற்றைம்பது என்று சொன்னது மீட்டர். மீட்டரைப் பொருத்தியதும் அவர்தான்.

நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்தாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு ஜானி பாஷா அப்பாசாமியின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக் கீழ்பென்னாத்தூர் பள்ளிவாசலுக்குப் போனார். வண்டிச் சத்தம் மறைந்ததும் அவள் எழுந்தாள். முதலில் டேங்கில் இருந்ததையெல்லாம் ஜக்கில் அளந்து அண்டாவிலும் வாளிகளிலும் இறக்கினாள். காலைத் தேவைக்கு முந்தின இரவே எடுத்து வைத்திருந்ததால் மீட்டர் இன்னும் முப்பது என்றது. ஜக் இருபத்திரண்டோடு நின்றது. பம்ப் காற்றை இழுத்துக் கரகரவென்று கத்தியது.

பிறகு, வழக்கமாக மாட்டும் ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, பத்து லிட்டர் வாளியோடு அப்பாசாமியின் மோட்டார் கொட்டகைக்குப் போனாள். கரண்ட் இருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அப்பாசாமியிடம் கேட்டுக்கொண்டு முதல் வாளியை நிரப்பினாள்.

வேப்பமரத்தடியில் கன்னியம்மாள் எழுந்து நின்றாள்.

"பாத்தியா" என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டாள். "டவுன் தண்ணின்னு சொன்ன. இப்ப எங்க தண்ணியத்தான எடுக்கற?"

மெஹ்ஜபீன் வாளியைக் கீழே வைத்தாள். "எடுத்துட்டு உங்க ஆட்டுத் தொட்டியிலேயே திருப்பி ஊத்திடறேன். எங்க டேங்க அளக்கறேன். நம்பலன்னா வந்து எண்ணுங்க."

கன்னியம்மாள் நம்பவில்லை. அதனால்தான் வந்தாள். வேனுக்குப் பத்தடி தள்ளிக் கோலை ஊன்றிக்கொண்டு நின்று, ஒவ்வொரு வாளி உள்ளே போகும்போதும் சத்தமாக எண்ணினாள். உதவிக்குக் கை நீட்டவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. ஏழாவது வாளியை மெஹ்ஜபீன் கை மாற்றிப் பிடித்தாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பத்தாவது வாளியில் கொஞ்சம் சிந்தியது. கன்னியம்மாள், "அது சேராது, அரை சொம்பு கொறைச்சல்" என்று கறாராகச் சொன்னாள்.

பதினொன்றாவது வாளியின் கடைசியில் தண்ணீர் வாய் வரை வந்து வழிந்தது.

"பதினொண்ணு" என்றாள் கன்னியம்மாள்.

நூற்றுப் பத்து லிட்டர். மெஹ்ஜபீன் உள்ளே போய்ப் பார்த்தாள். மீட்டர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் 150 காட்டியது.

அவள் படியில் வந்து உட்கார்ந்தாள். கன்னியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா?" என்றாள்.

"யாரும் திருடல. டேங்கே சின்னது. மீட்டர்தான் பொய் சொல்லுது."

"மீட்டரு யாரு வச்சது?"

மெஹ்ஜபீன் கீழ்பென்னாத்தூர் ரோட்டுப் பக்கம் பார்த்தாள். கன்னியம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜானி பாஷா திரும்பி வந்தபோது ஆட்டுத் தொட்டி நிறைந்திருந்தது; வேன் வாசலில் வாளி கவிழ்த்து வைத்திருந்தது. தலையில் தொப்பியோடு நின்றவரிடம் மெஹ்ஜபீன் நோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"டேங்குக்குள்ள மட்டம் காட்டுற மிதவையில ஏதாச்சும் கோளாறு இருக்கும்" என்றார்.

"மிதவை கோளாறுன்னா நூத்தம்பதுல போய்க் கரெக்டா நிக்காது. டேங்க் எவ்ளோன்னு மீட்டருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. யாருங்க?"

அவர் தொப்பியை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நூத்தம்பதுக்குத்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார் கடைசியில். "வண்டிக்கு அடியில குறுக்குச் சட்டம் ஒண்ணு இடிச்சுது. ஏறல. மறுபடி அடிச்சது நூத்திப் பத்துதான் வந்துச்சு. அதுக்குள்ள படுக்க, பலகை எல்லாம் முடிஞ்சு போச்சு. பிரிக்கணும்னா ஒரு மாசம். மொத வண்டி மெஹ்ஜபீன். இது நல்லா அமைஞ்சா இன்னும் நாலு பேரு வருவாங்கன்னு... யாரு ஜக்க வச்சி அளக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"நான் அளப்பேன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் என்னக் கூட்டிக்கினு வர யோசிச்சீங்க."

அவர் இல்லை என்று சொல்லவில்லை.

"அந்த வயசான ரெண்டு பேரும் உப்பு வெளியில நிப்பாங்க. மீட்டர் இன்னும் முப்பது இருக்குன்னு சொல்லும். நம்பி இன்னொரு நாள் தங்குவாங்க. இருபத்திரண்டுதான் இருக்கும். அப்ப?"

"அவங்க கேன் வாங்கி வச்சிக்குவாங்க..."

"அத விடுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "அந்தம்மாவ நான் திருடின்னு சொன்னப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே, கொழாயத் தொறந்தது அதுதானேன்னு சொன்னீங்க. மொதல்ல அந்தம்மா பக்கம் கை காட்டுனதும் நீங்கதான்."

ஜானி பாஷா படியில் உட்கார்ந்தார். மெஹ்ஜபீனுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக இருபத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணும் ஞாபகத்துக்கு வந்தது. பட்டறையின் நீளம், மகன் தௌஹீதுக்குக் கட்டிய கட்டிலின் கனம், அவருடைய சர்க்கரை அளவு. எதை அவள் அளந்து பார்த்திருக்கிறாள்? அப்படி யோசிப்பது அவளுக்கே பிடிக்கவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

"போன் பண்ணுங்க" என்றாள். "ஸ்பீக்கர்ல."

ராமகிருஷ்ணன் எடுத்தார். ஜானி பாஷா சுற்றி வளைக்காமல் சொன்னார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் அவளுக்குச் செய்த நல்லது. "சார், டேங்க் நூத்தம்பது இல்ல. நூத்திப் பத்துதான். மீட்டர நான் மாத்தி வச்சிருந்தேன்."

"யாரு அளந்தாங்க?" என்று கேட்டார் ராமகிருஷ்ணன்.

"என் வீட்டுல."

"அப்ப பேட்டரி எவ்வளவு நேரம் வருது, கேஸ் எத்தன நாள் வருது, எல்லாத்தையும் அவங்களே அளக்கட்டும். உங்க வார்த்தைய வச்சு இனிமே நான் எதையும் எடுத்துக்க முடியாது பாய். அவங்க எழுதிக் கொடுத்த பிறகு, வண்டி வேணுமா வேணாமான்னு பேசலாம்." போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருவரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். மெஹ்ஜபீன்தான் முதலில் பேசினாள். "என் மேல தப்பு. விசாரிக்காம சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க." ஜானி பாஷா, "எல்லாம் என்னாலதான்மா" என்றார்.

கன்னியம்மாள் ஆட்டின் காதிலிருந்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இங்க வந்து என் காதுல சொல்றீங்க. அப்பாசாமி எதிர்ல சொன்னது பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூரா பூந்துடுச்சி. என் மருமவ என்னப் பாத்து, 'ஏன் அத்த, நம்ம கிட்ட இல்லாத தண்ணியா'ன்னு கேக்கறா. நாளைக்குக் காலையில கொழாத் தண்ணி வரும். எல்லாரும் இருப்பாங்க. சொல்றதுன்னா அங்க வந்து சொல்லு."

ஐந்து நாள் முடிந்துவிட்டது. கிளம்பியிருக்கலாம். ஜானி பாஷாவே, "காலையில கொழாயடிக்குப் போலாம்" என்றார்.

குடியிருப்பின் குழாயடியில் முப்பது குடங்களுக்கு மேல் வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் குடம், பச்சை, சிவப்பு, நீலம். சில இடங்களில் குடத்துக்குப் பதிலாக ஒரு கல்லோ செருப்போ வைத்து இடம் பிடித்திருந்தார்கள். வேனில் வந்தவர்கள் நடந்து வருவதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. யாரோ, "இவங்களும் புடிக்க வந்துட்டாங்களா?" என்றார்கள்.

மெஹ்ஜபீன் பேச வாயைத் திறந்தாள். ஜானி பாஷா அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நான் ஜானி பாஷா. வேன் பாடி கட்டறவன்" என்றார். "எங்க வண்டியில தண்ணி கொறையுதுன்னு கன்னியம்மாளச் சொல்லிட்டோம். அது எடுக்கல. டேங்க் அளவ நான் பொய்யா மாட்டி வச்சிருந்தேன். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தம்மா பேரு கெட்டப்ப நான் வாயத் தொறக்கல. திருட்டுத்தனம் பண்ணது நான்தான்."

குழாயில் தண்ணீர் மெலிதாக விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒரு இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் மருமகளாக இருக்க வேண்டும் என்று மெஹ்ஜபீன் நினைத்தாள். ஒரு கிழவர், "சரி, கெணத்துல கை வைக்காம இருந்தா சரி" என்றார். அவருக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

கன்னியம்மாள் தன் குடத்தை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள். "தள்ளு பாயம்மா, என் மொறை" என்றாள். மெஹ்ஜபீன் நகர்ந்து வழிவிட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குடம் நிரம்பியதும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, ஜானி பாஷாவைத் தாண்டிப் போகும்போது மட்டும், "சொன்னியே, அதுவரிக்கும் நல்லது" என்றாள்.

பட்டறைக்குத் திரும்பிய பின் ஜானி பாஷா மீட்டரைத் திருத்தினார். படுக்கையின் அடியில் ஒரு பக்கத்தைப் பிரித்து நாற்பது லிட்டரில் இரண்டாவது டேங்க் வைத்தார். அவர் பயந்த ஒரு மாதம் ஆகவில்லை. பத்து நாளில் முடிந்தது. தனம் நேரில் வந்து நின்று, மெஹ்ஜபீன் வாளியில் ஊற்ற ஊற்ற எண்ணினார். பதினைந்து வாளி. மீட்டரும் அதையே சொன்னது. கேஸ், பேட்டரி அளந்த தாள்களை ராமகிருஷ்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கை மட்டும் கொடுக்கவில்லை.

பேட்டரியை அளந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் ஓட விட்டு, மெஹ்ஜபீன் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து மணிக்கு ஒரு தடவை எழுதினாள். ஜானி பாஷா பத்து மணி நேரம் வரும் என்று சொல்லியிருந்தார். பட்டறையில் வேலை செய்வது போல அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருந்தார். மத்தியானம் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, அவள் எழுதியதை எட்டிப் பார்த்தார். அவள் கையால் மறைத்தாள்.

பத்து மணி நேரம் இருபது நிமிஷம் வந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்றார். முகத்தில் குழந்தை மாதிரி ஒரு சந்தோஷம்.

"சொன்னீங்க" என்றாள் மெஹ்ஜபீன். அவருக்காக அவள் சந்தோஷப்படத்தான் செய்தாள். ஆனாலும் எழுந்து போய், ஃப்ரிட்ஜின் ஒயர் உண்மையிலேயே அந்தப் பேட்டரியில்தான் சேர்ந்திருக்கிறதா என்று பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் கையெழுத்துப் போட்டாள். அவள் பார்க்கட்டும் என்று ஜானி பாஷா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.